அத்தியாயம் 7: ஒடியும் நகமும் ஒட்டும் நகமும்

இந்த அத்தியாயத்தைப் புரட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவருக்கு நகம் வளரவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் நீண்டதும் நுனி ஏடு ஏடாகப் பிரிந்து துப்பட்டாவில் மாட்டுகிறது. இன்னொருவருக்கு அடுத்த வாரம் ஹைதராபாத் மணிகொண்டாவில் ஒரு ரிசப்ஷன். பத்து விரலிலும் பளபளவென்று நகம் வேண்டும். பெரும்பாலும் இந்த இருவரும் ஒரே ஆள்தான் என்பதுதான் சிக்கல். ஒடிகிற நகத்தை மறைக்க ஒட்டு நகம், அதைப் பிய்த்து எடுத்ததில் இன்னும் மெலிந்துபோன சொந்த நகம், அதை மறைக்க மறுபடி ஒட்டு நகம் என்று இது ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் கழற்றும் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும்போது நகத்துக்கு வரும் சேதம் குறைவு. அவசரத்தில் நெம்பி எடுக்கும்போது வருவதுதான் அதிகம். அதனால் ஒட்டுவதற்கு அரை மணி ஒதுக்கினால் கழற்றவும் அரை மணி ஒதுக்குங்கள். அதற்கு நேரமில்லாத வாரத்தில் சாதாரண நெயில் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சோதனை: கால் நகத்தைப் பாருங்கள்

செருப்பைக் கழற்றிக் கால் நகங்களைப் பாருங்கள். கை நகம் மட்டும் ஒடிகிறது, கால் நகம் நன்றாக இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் வெளியில்தான்: தண்ணீர், சோப்பு, பாத்திரம், ரிமூவர். கை, கால் இரண்டிலும் நகம் மெலிந்து ஒடிகிறது என்றால் உடம்புக்குள் தேட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் முதலில் பார்க்க வேண்டியவை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனவே 'எனக்கெல்லாம் இருக்காது' என்று தள்ளிவிடாதீர்கள். நகம் நடுவில் குழிந்து கரண்டிபோல் மேலே வளைந்திருந்தால் ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கால்சியம் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். அது பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்ட தடம். நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கால்சியம் அதில் மிகச் சொற்பம். நகத்துக்காகக் கால்சியம் மாத்திரை வாங்கினால் காசுதான் கரையும்.

ஒடியும் நகத்தைத் தேற்றுவது

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர சுமார் 6 மாதம் ஆகும். ஏற்கெனவே பிரிந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. அது வெட்டுப்பட்டுத்தான் போகும். புதிதாக வருவதைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

நகத்தின் பெரிய எதிரி ஊறிக் காய்வது. தண்ணீரில் நகம் உப்பும், காயும்போது சுருங்கும். காலையில் பாத்திரம், பிறகு காய்கறி, பிறகு துணி என்று ஒரு நாளில் பலமுறை இப்படி ஆனால் ஏடுகளுக்கு நடுவில் பிடிப்பு விட்டுப்போகிறது. ஹைதராபாத்தில் மஞ்சீரா, கிருஷ்ணா குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்கும், போர்த் தண்ணீரையும் கோடையில் டேங்கரையும் நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு. உப்புத் தண்ணீரில் நுரை வராது. நுரைக்காகப் பாத்திர சோப்பை இரண்டு மடங்கு தேய்ப்போம். நகத்தில் இருக்கும் கொஞ்ச நஞ்ச எண்ணெய்ப் பசையும் அதோடு போகும். இதோடு டிசம்பர், ஜனவரியின் வறட்சிக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

1. பாத்திரம் கழுவ ரப்பர் கிளவுஸ் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி கிளவுஸ் இருந்தால் வியர்வையை அது உறிஞ்சும். வெறும் ரப்பர் கிளவுஸை அரை மணிக்கு மேல் மாட்டியிருந்தால் உள்ளேயே கை ஊறிவிடும். கிளவுஸ் போட்ட பலன் போச்சு.

2. நகத்தைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் நகம் மெத்தென்று இருக்கும்போது வெட்டினால் சிதறாது. ஃபைல் செய்வதை மட்டும் நகம் காய்ந்த பிறகு செய்யுங்கள்.

3. ஃபைல் 180 அல்லது 240 எண் உள்ளதாக இருக்கட்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் நுனி ஏடுகள் அங்கேயே பிரியத் தொடங்கும். நெயில் கட்டரோடு வரும் இரும்பு ஃபைல் ஒடியும் நகத்துக்கு ஆகாது.

4. இரவு படுக்கும் முன் விரல்களை 5 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கப் போகும் முன்பே வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பூசும் பொருளைவிட, உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் மூடுவதுதான் முக்கியம். நகம் ரொம்பவே வறண்டிருந்தால் யூரியா கலந்த க்ரீம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்.

5. பகலில் ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் ஒரு துளி க்ரீம். அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு டப்பா இருந்தால்தான் இது நடக்கும். படுக்கையறையில் இருந்தால் நடக்காது.

பாலிஷ் ரிமூவரை வாரம் ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். சொந்த நகத்தில் உள்ள சாதாரண பாலிஷுக்கு அசிட்டோன் இல்லாத ரிமூவரே போதும். 'நெயில் ஹார்ட்னர்' என்று விற்கும் குப்பிகளில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கும். முதலில் நகம் கெட்டியாகத் தோன்றும். தொடர்ந்து பூசினால் கெட்டியான நகம் வளையாமல் முறியும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பதும் வேண்டாம். கறை போகலாம், கூடவே பசையும் போகும்.

பயோட்டின் மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தினமும் 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நகம் கெட்டியானதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆதாரம் அவ்வளவுதான். ஆனால் அது ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பும். தைராய்டு அளவு தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையே பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நீங்கள் எடுத்துக்கொள்பவரானால் லேபில் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தலைமுடிக்கு என்று வாங்கும் மாத்திரையிலும் பயோட்டின் இருக்கும், அட்டையைப் பாருங்கள்.

கீறல் விட்ட நகத்துக்கு ஒட்டு

நகம் பாதியில் கீறிவிட்டது, சதைவரை போகவில்லை, வெட்டினால் வலிக்கும் என்ற நிலையில் ஒரு பழைய உபாயம் உண்டு. காலி டீ பேக் காகிதத்தில் கீறலை மூடும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கீறலின்மேல் ஒரு துளி நெயில் க்ளூ, அதன்மேல் காகிதம், மரக்குச்சியால் அழுத்தி, மேலே இன்னொரு துளி. காய்ந்ததும் பஃபரால் லேசாகத் தேய்த்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாது. மேலே பாலிஷும் போடலாம். கீறல் இளஞ்சிவப்புப் பகுதிக்குள் இறங்கி ரத்தம் கசிந்தால் க்ளூ கூடாது. கழுவி, பிளாஸ்திரி போட்டு விட்டுவிடுங்கள்.

எந்த ஒட்டு நகம்?

அக்ரிலிக் நகம் பல் டாக்டர் ஒருவர் கைவேலையில் பிறந்தது. 1954-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரெட் ஸ்லாக் தன் உடைந்த நகத்தைப் பல் சிகிச்சைக்கான அக்ரிலிக்கால் சரிசெய்துகொண்டார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய அக்ரிலிக் எக்ஸ்டென்ஷன். இப்போது கடையில் உங்கள் முன் இருப்பவை மூன்று.

பிரஸ்-ஆன்: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நகம். ஜெல்லி ஸ்டிக்கராலோ க்ளூவாலோ ஒட்டுவது. வீட்டில் செய்ய ஏற்றது இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

ஜெல்: பூசி, புற ஊதா விளக்கின் கீழ் காட்டி இறுகவைப்பது. விளக்கோடு சேர்த்து விற்கும் வீட்டு கிட்களைப் பார்த்திருப்பீர்கள். நான் வேண்டாம் என்கிறேன், காரணமும் சொல்கிறேன். ஜெல்லில் உள்ள மெத்தாக்ரிலேட் வேதிப்பொருட்கள் அரைகுறையாக இறுகி, விரல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். வந்தால் ஆயுசுக்கும் போகாது. அதே குடும்பப் பொருட்கள் பல் அடைப்பதிலும் மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் சிமெண்ட்டிலும் இருப்பதால், பின்னால் மருத்துவத்திலும் சங்கடம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. ஹெமா என்ற பொருள் உள்ள ஜெல்களைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. டி.பி.ஓ. என்ற இறுக்கியை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே செய்துவிட்டார்கள்.

அக்ரிலிக்: பொடியும் திரவமும் கலந்து நகத்தின்மேல் கட்டுவது. பார்லர் வேலை. அதைப் பற்றிக் கடைசியில்.

வாங்கும்போது

பேகம் பஜாரின் மொத்தக் கடைகளிலும், ஜனவரி 1 முதல் பிப்ரவரி பாதிவரை நாம்பள்ளியில் நடக்கும் நுமாயிஷ் ஸ்டால்களிலும், சார்மினாரைச் சுற்றிய தள்ளுவண்டிகளிலும் பிரஸ்-ஆன் நகம் கிடைக்கிறது. நகம் வெறும் பிளாஸ்டிக். அதை எங்கே வாங்கினாலும் பெரிய மோசமில்லை. கூட வரும் பெயரில்லாத க்ளூ டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு க்ளூவை மட்டும் நல்ல கடையில் வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் பதிவு எண்ணும் வேண்டும். தீர்ந்துபோன க்ளூவுக்குப் பதில் கடையில் கிடைக்கும் செருப்பு ஒட்டும் பசையைப் போடவே போடாதீர்கள்.

வழக்கமான பாக்கெட்டில் 24 நகங்கள் இருக்கும், ஒவ்வொரு அளவிலும் இரண்டு. முதல் முறை குட்டையான, ஓரம் வளைந்த வடிவத்தை எடுங்கள். நீளமான கூர் நகத்தோடு சோறு பிசைந்து பார்த்தால் காரணம் புரியும்.

கல்யாண வாரத்தின் வரிசை

இங்கே முன்பின் மாறினால் எல்லாம் வீண். மருதாணி, அடுத்து வளையல், கடைசியில் நகம்.

மருதாணி நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே முடியட்டும். நிறம் ஏற நீலகிரித் தைலம், எண்ணெய் எல்லாம் தடவுவோம். அந்தப் பிசுக்கு இருக்கும்போது எந்த க்ளூவும் பிடிக்காது. ஆஷாட மாதத்தில் தெலுங்குக் குடும்பங்களில் கோரிண்டாக்கு என்னும் மருதாணி இலையை அரைத்து விரல் நுனியில் தொப்பிபோல வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் நமக்கும் வைத்துவிடுவார்கள். இலையை அரைத்து வைப்பதால் நகத்துக்குக் கேடில்லை. நகத்தில் ஏறிய சிவப்பு மட்டும் நகம் வளர்ந்து போகும்வரை இருக்கும், அழியாது. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் கோன் வேறு விஷயம். அதில் தலைச்சாயத்தின் பி.பி.டி. கலந்திருக்கலாம், தோல் கொப்பளிக்கும்.

வளையல் அடுத்து. லாட் பஜாரில் உங்கள் கை அளவுக்கு ஒரு சுற்றுச் சின்னதாகவே எடுத்து, உள்ளங்கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, கட்டைவிரல் அடியை அமுக்கி, ஒரே இழுப்பில் கடைக்காரர் ஏற்றிவிடுவார். அந்த இழுப்பில் ஒட்டு நகம் ஒன்று மாட்டினால் சொந்த நகமும் கூட வரும். கல் பதித்த அரக்கு வளையலின் சொரசொரப்பு வேறு. வளையல் எல்லாம் ஏறிய பிறகே நகம்.

தெலுங்குக் கல்யாணத்தில் மணப்பெண் நீங்களானால் இன்னொன்று. ஜீலகர பெல்லம் என்று சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை மாப்பிள்ளை தலையில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நகம் நீளமாக இருந்தால் அவ்வளவும் அடியில் போய் இறுகிவிடும். குட்டை நகம் போடுங்கள். கூட இருக்கும் பெண்ணிடம் ஈர டிஷ்யூவும் ஒரு மரக்குச்சியும் கொடுத்து வையுங்கள். புடவை மடிப்புக்குப் பின் குத்துவதையும் இன்னொருவர்தான் செய்ய வேண்டும், நகம் போட்ட கையால் சேஃப்டி பின் திறக்காது.

ஒட்டும் முறை

தேவை: பிரஸ்-ஆன் நகம், க்ளூ அல்லது ஜெல்லி ஸ்டிக்கர், 180 ஃபைல், பஃபர், மரக்குச்சி, ஊசி போடும்போது துடைக்கும் ஆல்கஹால் ஸ்வாப். ஸ்வாப் மெடிக்கல் ஷாப்பில் மலிவாகக் கிடைக்கும். தனியாக 'நெயில் டிஹைட்ரேட்டர்' வாங்க வேண்டியதில்லை.

1. குளித்து, பாத்திர வேலை முடித்து, ஒரு மணி நேரமாவது கழித்து உட்காருங்கள். ஊறிய நகத்தில் ஒட்டினால், நகம் காய்ந்து சுருங்கும்போது பிடிப்பு விடும். ஜூலை, ஆகஸ்ட் மழை நாட்களில் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். வெண்டைக்காய் நறுக்கின கையோடு உட்கார வேண்டாம்.

2. பழைய பாலிஷை முழுக்க எடுங்கள். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை மரக்குச்சியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெட்டாதீர்கள். அந்தத் தோல்தான் கிருமிக்கு வாசற்கதவு.

3. அளவு பாருங்கள். நகத்தின் இரு ஓரங்களையும் சரியாக மூட வேண்டும், தோலில் ஏறக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் பெரியதை எடுத்து ஓரத்தை ஃபைல் செய்யுங்கள். சின்னதை ஒட்டினால் ஓரத்தில் அழுத்தி இரண்டாம் நாளே வலிக்கும்.

4. பத்தையும் விரல் வரிசையில் மேஜையில் அடுக்குங்கள். க்ளூ எடுத்த பிறகு தேடக் கூடாது.

5. நகத்தின் பளபளப்பு மட்டும் மங்கும் அளவுக்கு பஃபரை இரண்டு இழுப்பு. ஒடியும் நகம் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு ஜெல்லி ஸ்டிக்கரே பயன்படுத்துங்கள்.

6. ஸ்வாப்பால் துடைத்து, காயவிடுங்கள். அதன்பின் முகம், தலைமுடி, போன் எதையும் தொடாதீர்கள். போன் அடிக்கத்தான் செய்யும், அடிக்கட்டும்.

7. சொந்த நகத்தில் ஒரு சிறு துளி, ஒட்டு நகத்தின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. அதிகம் போட்டால் ஓரத்தில் வழிந்து தோலில் ஒட்டும். அடித்தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டு, சாய்வாக வைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி அழுத்துங்கள். காற்றுக் குமிழி வெளியேற இதுதான் வழி. 30 விநாடி அசைக்காமல் பிடியுங்கள்.

8. சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடியுங்கள். கட்டைவிரல் முதலிலேயே போய்விட்டால் க்ளூ மூடியைக்கூடத் திறக்க முடியாது.

9. இரண்டு மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்கட்டும். இரவு ஒட்டிக்கொண்டு தூங்குவதே வசதி.

ஜெல்லி ஸ்டிக்கர் ஒன்றிரண்டு நாள் தாங்கும். ஒரு ரிசப்ஷனுக்கு அது போதும். க்ளூ ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும். சமைக்கிற கை என்றால் ஒரு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

க்ளூவும் அசிட்டோனும்: கவனம்

நெயில் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். அது பருத்தித் துணியில் கொட்டினால் சட்டென்று சூடேறும், புகைகூட வரும். துணி வழியாகத் தோல் வெந்துபோன சம்பவங்கள் உண்டு, குழந்தைகளுக்குக்கூட. எனவே காட்டன் நைட்டியோடு மடியில் வைத்து ஒட்டாதீர்கள், சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள். மேஜையில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். துணியில் கொட்டிவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

விரலும் விரலும் ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் விட்டு, உருட்டி உருட்டிப் பிரியுங்கள்.

க்ளூ குப்பியும் கண் சொட்டு மருந்துக் குப்பியும் ஒரே அளவில் இருக்கும். இரண்டும் ஒரே டிராயரில் இருக்கக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மெஹதிபட்டணத்தில் அரசு சரோஜினி தேவி கண் மருத்துவமனை இருக்கிறது, பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு உள்ள அறையிலும், பூஜை விளக்கு எரியும் இடத்திலும் திறக்காதீர்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கவே கூடாது.

ஒட்டிய பிறகு

சோறு பிசைந்து சாப்பிடுவது, மாவு கரைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, காண்டாக்ட் லென்ஸ் எடுப்பது: இவை நான்கும் சிரமம். பிரியாணிக்கு ஸ்பூன் கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் தூள் வெளிர் நிற நகத்தில் ஏறினால் போகாது, சமையலுக்கு கிளவுஸ். சிலிண்டர் ரெகுலேட்டர், ஆட்டோ கதவு, ஜிப் எதையும் நக நுனியால் திறக்காதீர்கள், விரல் சதையால் திறங்கள்.

நர்ஸ், லேப் வேலை, ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடும் எந்த வேலையானாலும் ஒட்டு நகம் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுகாதார வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து டிபன், பிக்கிள் விற்பவர்களும் உணவைக் கையாளும்போது போடக் கூடாது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே கழற்றுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் தடுமாறும்.

ஒரு ஓரம் தூக்கிக்கொண்டால் அதன்மேல் க்ளூ விட்டு அமுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உள்ளே ஈரம் போயிருக்கும். அதை அடைத்து வைத்தால் கிருமி வளர்ந்து, நகம் பச்சையாக மாறும். தூக்கிய நகத்தை முழுக்கக் கழற்றி, காயவிட்டு, புதிதாக ஒட்டுங்கள்.

கழற்றும் முறை

அவசரம் இல்லாத ஒரு நேரம் பாருங்கள். டி.வி. முன்னால் உட்காருவது நல்லது.

ஜெல்லி ஸ்டிக்கர் போட்டதானால்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, மரக்குச்சியைப் பக்கவாட்டில் நுழைத்து மெல்ல அசைத்தால் தானாக வரும். மேலிருந்து கீழாக நெம்பாதீர்கள்.

க்ளூ போட்டதானால்:

1. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பும் சில துளி எண்ணெயும் விட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள்.

2. மரக்குச்சியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அசைந்தால் பக்கவாட்டில் ஆட்டி எடுக்கலாம். அசையவில்லை என்றால் மறுபடி ஊறட்டும். இந்த இடத்தில்தான் பொறுமை போய்ப் பல்லால் கடிப்போம். பிய்த்து எடுத்த ஒட்டு நகத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளையாகப் பொருக்குபோல் ஒட்டியிருப்பது க்ளூ மட்டுமல்ல, உங்கள் நகத்தின் மேல் ஏடு. அந்த மெலிந்த இடம் நுனிக்கு வந்து வெட்டுப்படும்வரை மாதக்கணக்கில் கூடவே இருக்கும்.

3. அப்படியும் வரவில்லை என்றால் அசிட்டோன். நகத்தைச் சுற்றிய தோலில் வாசலின் தடவி, பஞ்சை நனைத்து நகத்தின்மேல் வைத்து, அலுமினியம் ஃபாயிலால் விரலைச் சுற்றி 10 முதல் 15 நிமிடம். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் நகம் இளகிக் கூழாகும்; வழித்து எடுங்கள். அந்த நகத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. காசு கொஞ்சம் போனால் போகட்டும்.

4. சொந்த நகத்தில் மிஞ்சிய க்ளூவை ஃபைலால் சுரண்டாதீர்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். மிஞ்சியதும் சில நாளில் தானே உதிரும்.

5. சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, அடுத்த இரண்டு வாரம் விரலை சும்மா விடுங்கள். மேலே சொன்ன இரவு வேலைமுறையை அப்போது விடாமல் செய்யுங்கள்.

பார்லரில் போடுவதானால்

கச்சிபௌலி, ஜூபிலி ஹில்ஸ் பக்கம் நகத்துக்கென்றே ஸ்டுடியோக்கள் வந்துவிட்டன. அமீர்பேட்டின் சின்ன பார்லர்களிலும் செய்கிறார்கள். வாடகையை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள், இவற்றைக் கவனியுங்கள். மூக்கைத் துளைக்கும் வாசனையோடு, பாறைபோல இறுகி, அசிட்டோனுக்கும் அசையாத மலிவு அக்ரிலிக் என்றால் அது மெத்தில் மெத்தாக்ரிலேட்டாக இருக்கலாம். 1970களிலேயே அமெரிக்காவில் அதன் சுத்தத் திரவத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். அந்த நகம் எங்காவது இடித்தால் அது உடையாது. உங்கள் நகம்தான் வேரோடு தூக்கும். 'என்ன லிக்விட் போடுறீங்க, பாட்டிலைக் காட்டுங்க' என்று கேட்பதில் வெட்கமில்லை.

மின்சார டிரில்லைச் சொந்த நகத்தில் வைத்துச் சூடு தெரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இரும்புக் கருவிகள் முந்தின ஆள் கையிலிருந்து நேராக உங்கள் கைக்கு வரக் கூடாது. ஜெல் விளக்குக்கு முன் கைகளில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள், அல்லது விரல் நுனி வெட்டிய கிளவுஸ் போடுங்கள். கழற்றும் அப்பாயின்ட்மென்டையும் அன்றே எழுதிவைத்துவிடுங்கள். கழற்ற நேரமில்லாமல் வீட்டில் பிய்ப்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

எப்போது டாக்டர்?

நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்பளம் வந்தால் அன்றே கழற்றுங்கள். க்ளூ படாத இமையில் வீக்கம் வந்தாலும் அது நக ஒவ்வாமையாக இருக்கலாம், விரலால் கண்ணைத் தொட்டதன் விளைவு. நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொள்வது நம் வழக்கம். சீழ் வைத்துத் துடிக்கிற விரலுக்கு அது போதாது. கீறி எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. நகம் தடித்து மஞ்சளாவது, சதையிலிருந்து பிரிவது, நீளவாக்கில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்து அகலமாவது: இவற்றின் மேல் ஒட்டு நகம் வைத்து மறைக்கவே கூடாது. கறுப்புக் கோடு அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கும்.

செகந்திராபாத் காந்தி, உஸ்மானியா இரண்டு அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. போகும்போது பத்து விரலிலும் பாலிஷ் இருக்கக் கூடாது. பூஞ்சை என்று சந்தேகமானால் நகத்துண்டை வெட்டி எடுத்துத்தான் சோதிப்பார்கள். அதனால் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே அந்த நகத்தை மட்டும் வெட்டாமல் விடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் ஏதாவது பூசியிருந்தால் அதன் டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.